எஞ்சினில் கோளாறில்லை

தன் ஆயுள் முடிந்தது என்று துராத் முடிவுகட்டிய நேரத்தில் அவன் வண்டியில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் மாதத்துப் பகல். காலை ஏழு மணிக்குக் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் கிளம்பிய வண்டி மலையேறி, கணவாய்ச் சுரங்கத்துக்குள் நுழைந்து பாதி தூரம் போயிருந்தது. முன்னால் போன லாரி நின்றது. அதற்கு முன்னால் நின்றது எது என்று தெரியவில்லை. சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. புகை மெல்ல வந்து கண்ணாடியில் படிந்தது. இதெல்லாம் துராத்துக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வருடமாக பிஷ்கெக்கிலிருந்து மலைக்கு அந்தப்பக்கத்து ஓஷ் நகரத்துக்கும், ஓஷிலிருந்து பிஷ்கெக்குக்கும் ஆட்களை ஏற்றிப் போகிறான். அந்தச் சுரங்கத்தை நாலாயிரம் தடவைக்கு மேல் தாண்டியிருப்பான். பனிச்சரிவில் மாட்டி இரண்டு நாள் வண்டியிலேயே கிடந்திருக்கிறான். அப்போது பயணிகளுக்குப் பாட்டுப் பாடிக் காட்டியவன் அவன்.

முதலில் விரல்நுனிகள் மரத்தன. ஸ்டியரிங்கை விட்டுக் கையை உதறினான். பிறகு நெஞ்சுக்குள் யாரோ குதிரையை விரட்டுவது போல ஓட்டம். தொண்டை இறுகியது. மூச்சை இழுத்தான், உள்ளே போகவில்லை. இன்னும் பலமாக இழுத்தான், இன்னும் போகவில்லை. வண்டியின் கூரை தலைக்கு இறங்கி வருவதாகத் தோன்றியது. 'மாரடைப்பு' என்று நினைத்தான். 'இங்கேயா? இந்தப் பொந்துக்குள்ளேயா?' கதவைத் திறந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கை கதவுப் பிடிக்கே போய்விட்டது. ஆறு பேரை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? முன்னால் ஒரு கிலோமீட்டர் இருட்டு, பின்னாலும் ஒரு கிலோமீட்டர் இருட்டு.

லாரி நகர்ந்தது. எப்படி கியர் போட்டான், எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. மறுபக்கத்து வெளிச்சத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கீழே இறங்கி, முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பின்சீட்டிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "என்ன அண்ணே, டயரா?"

"டயர்தான்," என்றான் துராத்.

அன்றிலிருந்து எட்டு மாதம் அவன் சொன்ன பொய்களில் அது முதலாவது.

ஓஷ் போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து, மறுநாளே இதய மருத்துவமனைக்குப் போனான். ஓஷிலிருந்து திரும்பும்போதும் சுரங்கத்தில் அதே குதிரை, அதே தொண்டை. மருத்துவமனையில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். கடைசியில் வயதான மருத்துவர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உன் இதயத்தை எனக்குக் கொடு, என்னுடையதை நீ வச்சுக்க," என்று சிரித்தார்.

நல்ல செய்திதான். ஆனால் துராத்துக்கு அது நிம்மதி தரவில்லை. இதயமில்லை என்றால் வேறென்ன? இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாத ஏதோ ஒன்று. அது இன்னும் மோசம்.

அதன்பிறகு அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது இடது கை மணிக்கட்டில் வலது கை விரல் போய் உட்கார்ந்துகொள்ளும், நாடியை எண்ணும். எண்பது இருந்தால் ஏன் எண்பது? அறுபது இருந்தால் ஏன் இவ்வளவு குறைவு? தேநீரை விட்டான். நாற்பத்தேழு வயதுவரை தேநீரே ரத்தமாக ஓடிய கிர்கீஸ்காரன் வெந்நீரைக் குடிக்க ஆரம்பித்தான். சட்டைப்பையில் ஒரு சிறிய பாட்டில் ஏறியது. நெஞ்சுப் படபடப்புக்குக் கிழவிகள் சர்க்கரைக் கட்டியில் விட்டுச் சப்புகிற சொட்டுமருந்து. அதை ஊற்றிக்கொள்ளாமல் போனாலும், பாட்டில் பையில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

முடிவெட்டும் கடையில் ஒரு நாள், கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் அது வந்துவிட்டது. பாதி வெட்டிய தலையோடு எழுந்து, "அவசர போன்," என்று வெளியே போய்விட்டான். மீதிப் பாதியை வீட்டுக் கண்ணாடி முன் நின்று அவனே வெட்டிக்கொண்டான். அவன் மனைவி சோனுன் அவனைப் பார்த்துவிட்டு, "எந்த ஆடு மேஞ்சுது?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான். கல்யாண வீட்டில் கதவை ஒட்டி உட்கார்ந்தான். கதவுக்கு எதிர்க்கோடியில் இருக்கிற மரியாதைக்குரிய இடத்துக்கு இழுத்தார்கள். "மூட்டுவலி, காலை நீட்டணும்," என்றான்.

ஒரு மாதம் இப்படியே சுரங்கத்தைத் தாண்டினான். முந்தின நாளே தொடங்கிவிடும். காலையில் வண்டியில் ஆள் நிரம்பாமல் போகாதா என்று ஏங்குவான். பிறகு ஒரு நாள், ஓஷ் வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போகாமல், இசிக்-குல் ஏரிப்பக்கம் கராகோலுக்குப் போகிற வண்டிகளின் வரிசையில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினான். அந்த வழியில் சுரங்கம் கிடையாது.

அவன் நண்பன் குபாத், அவனைப் போலவே இருபது வருட ஓஷ் ஓட்டுநர், தேடிக்கொண்டு வந்தான்.

"என்னடா, ஏரிக்கரை மாப்பிள்ளை ஆயிட்டியா? எங்க முகமெல்லாம் சலிச்சுப்போச்சா?"

"எண்ணெய் செலவு கம்மிடா இந்தப் பக்கம்."

"ஆளும்தான் கம்மி. குளிர்காலத்துல ஏரிக்கு எவன்டா போறான்? மீனைப் பாக்கவா?"

"போற வேலையப் பாரு," என்றான் துராத், கடுமையாக. குபாத் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான்.

கராகோல் வழியில் மூன்று வாரம் நன்றாக இருந்தது. சுரங்கத்தைக் கழற்றிவிட்டோம், பிழைத்தோம் என்று துராத் நினைத்தான். நாலாவது வாரம், ஏரிக்கு முந்திய நீண்ட பள்ளத்தாக்கில், இருபக்கமும் பாறை நெருங்கும் இடத்தில், விரல்நுனி மரத்தது. பயத்துக்கு ஓர் அறையைக் காலிபண்ணிக் கொடுத்தால் அது அடுத்த அறையையும் கேட்கும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. அவன் கராகோலையும் விட்டான். குளிர்காலம் முழுக்க நகரத்துக்குள் வாடகைக்கார் ஓட்டினான். பாலத்தடிப் பாதை வந்தால் சுற்றிப் போனான். பயணிகள், "அண்ணே, நேராப் போனா ரெண்டு நிமிஷம்," என்பார்கள். "அங்க தோண்டிப் போட்டிருக்காங்க," என்பான்.

ஏப்ரலில் ஓஷிலிருந்து மகள் பெகாயிம் அழைத்தாள். ஆண் குழந்தை பிறந்திருந்தது. நாற்பது நாள் முடிந்ததும் தொட்டில் விருந்து. அம்மா வீட்டார்தான் தொட்டிலைக் கொண்டுவந்து, குழந்தையை அதில் கிடத்திக் கட்ட வேண்டும்.

"அப்பா, நீங்களே ஓட்டிட்டு வந்துருங்க. தொட்டிலை மேல கட்டிக்கலாம். எங்க மாமனார் ஊரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கார், எங்க சம்பந்தி அந்த மலையைக் கண்ணைக் கட்டிட்டு ஓட்டுவார்னு."

"வந்துடறேம்மா," என்றான் துராத். போனை வைத்ததும் நாடியில் விரலை வைத்தான். நூற்றுப் பத்து.

விமானத்தில் போகலாமா என்று யோசித்தான். மூடிய கதவு, இறங்க முடியாத வானம். நினைத்த மாத்திரத்தில் எழுந்து ஜன்னலைத் திறந்தான். அன்று மதியம், யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் குடும்ப மருத்துவர் நிலையத்துக்குப் போனான். ஏதாவது பலமான மாத்திரை வாங்கி, தூங்கிக்கொண்டே சுரங்கத்தைத் தாண்டிவிடுவது அவன் திட்டம். ஓட்டுநர் தூங்கிக்கொண்டு தாண்ட முடியாதே என்று படியேறும்போதுதான் உறைத்தது.

டாக்டர் நுர்ஸதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கரகரத்த தொண்டை. அவள் அறைக் கதவு பூட்டு உடைந்து, நிமிடத்துக்கு ஒருமுறை தானே திறந்துகொண்டது. அவளும் சலிக்காமல் காலால் தள்ளி மூடினாள். துராத் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சாகப்போறோம்னு தோணுமா, அண்ணே?"

"தோணறது இல்ல டாக்டர். தெரியும். நிச்சயமாத் தெரியும்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை அப்படி நிச்சயமாத் தெரிஞ்சுது?"

மனதுக்குள் எண்ணினான். "நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும்."

"நாப்பத்தஞ்சு தடவை. எத்தனை தடவை அடக்கம் பண்ணாங்க?"

துராத் நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"உங்க வண்டி டாஷ்போர்டுல எண்ணெய் விளக்கு எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்துவேன். பானெட்டைத் திறந்து பாப்பேன்."

"எண்ணெய் சரியா இருக்கு. எஞ்சின் சரியா இருக்கு. ஆனா விளக்கு எரியுது."

"அப்ப ஒயர்ல கோளாறு."

"எஞ்சினைக் கழட்டுவீங்களா?"

"விளக்கு எரியுதுன்னு எஞ்சினைக் கழட்ட நான் என்ன பைத்தியமா?" என்றவன், சொல்லி முடிக்குமுன்பே தானே மாட்டிக்கொண்டதை உணர்ந்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "டாக்டர், எரியற விளக்கைப் பாத்துக்கிட்டே அறுநூறு கிலோமீட்டர் ஓட்டறது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதைத்தான் பழகணும்," என்றாள் அவள்.

பிறகு அவள் செய்யச் சொன்னது அவனுக்கு விளையாட்டாகத் தெரிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, குளிர்பானம் உறிஞ்சுகிற குழாய் வழியாக ஒரு நிமிடம் மூச்சுவிட வேண்டும். அரை நிமிடத்தில் தொண்டை இறுகியது. கண்ணுக்கு முன் புள்ளிகள். குழாயைத் துப்பிவிட்டு எழுந்தான்.

"இதேதான்! இதேதான் வரும்!"

"உட்காருங்க. சுரங்கம் எங்க இருக்கு இங்க?"

"இல்ல."

"அப்ப அது சுரங்கத்துல இல்ல. உங்க மூச்சுல இருக்கு, உடம்புல இருக்கு. புலியைக் கண்டா ஓடறதுக்கு ஆண்டவன் வச்ச ஏற்பாடு அது. புலி இல்லாதப்பவும் ஓடச் சொல்லுது. அசிங்கமா இருக்கும், பயங்கரமா இருக்கும், ஆனா கொல்லாது. அதை விரட்டாம உட்கார்ந்திருந்தா பத்து இருபது நிமிஷத்துல தானா இறங்கும். எப்பவாவது இறங்கற வரைக்கும் இருந்து பாத்திருக்கீங்களா?"

இல்லை. எப்போதும் எழுந்து ஓடியிருக்கிறான். ஓட முடியாதபோது பாட்டிலைத் தொட்டிருக்கிறான்.

கதவு திறந்துகொண்டது. அவள் காலால் மூடினாள். "போன வருஷம் அக்டோபருக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணுமில்ல," என்றான். உடைந்த பூட்டைப் பார்த்துக்கொண்டே, "ஜாபர்குல் செத்தான்," என்றான்.

ஜாபர்குலும் ஓஷ் ஓட்டுநர்தான். ஜூலையில், வழியோரத் தேநீர்க்கடையில் துராத்துக்கு எதிரில் உட்கார்ந்து, "இன்னொரு கட்டி சர்க்கரை போடு," என்றவன், கோப்பையோடு சரிந்தான். துராத்தின் மடியிலேயே உயிர் போனது. ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போனதும், ஜாபர்குலின் பயணிகளைத் தன் வண்டியில் நெருக்கி உட்கார வைத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் ஓட்டி ஓஷில் இறக்கினான். எல்லாரும் துராத்தின் நெஞ்சுரத்தைப் புகழ்ந்தார்கள்.

"அன்னைக்கு அழுதீங்களா?"

"ஓட்டிக்கிட்டிருந்தேன் டாக்டர்."

அவள் அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து, பயப்படுகிற இடங்களை, குறைவானதிலிருந்து அதிகமானது வரை, வரிசையாக எழுதச் சொன்னாள். முடிவெட்டும் கடை, தொழுகையில் முன்வரிசை, சந்தைக்குப் பக்கத்துத் தரையடிப் பாதை, பள்ளத்தாக்கு, குபாத் ஓட்டும் வண்டியில் சுரங்கம், தானே வண்டி ஓட்டிச் சுரங்கம். ஒவ்வோர் இடத்திலும் பயத்துக்குப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அது பாதியாக இறங்குகிறவரை நகரக் கூடாது. நாடி பார்க்கக் கூடாது. மூச்சை இழுக்கப் போராடாமல் வெளியே விடுவதை மட்டும் நீட்ட வேண்டும். பாட்டிலை அவளே வாங்கி இழுப்பறையில் போட்டாள்.

"இன்னொண்ணு, அண்ணே. வீட்டுல சொல்லணும். மறைக்கறது ஒரு முழுநேர வேலை. நீங்க இப்ப ரெண்டு வேலை பாக்கறீங்க."

"அது மட்டும் முடியாது," என்று துராத் எழுந்துவிட்டான்.

வியாழக்கிழமை தோறும் நிலையத்துக்குப் போனான். முடிவெட்டிக்கொண்டான், ஆறில் தொடங்கி மூன்றுக்கு இறங்கியது, கடைக்காரர் மூன்றாம் தடவையாகக் கழுத்தைச் சவரம் செய்யும்படி ஆயிற்று. முன்வரிசையில் நின்றான். பிறகு தரையடிப் பாதை. அது தெருவுக்குக் கீழே நூறு அடி நீளம். தாழ்ந்த கூரை, இருபுறமும் சின்னச் சின்னக் கடைகள். தினமும் மதியம் அங்கே, காலுறை விற்கும் ஒரு பெண்ணின் கடைக்கு எதிரில், சுவரோரமாகப் போய் நின்றான். முதல் நாள் எட்டு. கால்கள் தாமாக ஓடப் பார்த்தன. நாற்பது நிமிடம் நின்று நான்கு ஆனதும் வெளியே வந்து, வெயிலில் உட்கார்ந்து நடுங்கினான். இரண்டாம் நாளும் எட்டுதான். எரிச்சலாக இருந்தது. ஐந்தாம் நாள் ஆறு.

ஆறாம் நாள் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சோனுன் வந்துகொண்டிருந்தாள். உடைகள் தைக்கும் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். மேலங்கியில் நூல்கூட உதிர்க்கவில்லை.

"இவதானா?" என்றாள் காலுறைக்காரியைக் காட்டி.

"யாரு?"

"கேக்கறதைப் பாரு! எட்டு மாசமா மூஞ்சி மூஞ்சியா இல்ல. ஓஷ் வண்டியை விட்டாச்சு. வியாழக்கிழமைன்னா சவரம். முன்வரிசைத் தொழுகை வேற. பாவத்தைக் கழுவவா? பக்கத்து வீட்டுக்காரி சொன்னா, உங்க வீட்டுக்காரர் தினமும் தரைக்கடியில ஒருத்தி முன்னால நிக்கறார்னு. நான் நம்பல. இப்ப கண்ணால பாக்கறேன்!"

காலுறைக்காரி எழுந்தாள். அவளுக்குச் சோனுனைவிடப் பத்து வயது கூட. "அம்மா தாயே, நீயாவது கூட்டிக்கிட்டுப் போ. தினமும் வந்து சுவத்தை ஒட்டி நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடறார். பாக்கறவங்க பயந்து என் கடைப்பக்கமே வரதில்ல. இத்தனை நாள்ல ஒரு ஜோடி காலுறை வாங்கினது கிடையாது!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. துராத்துக்கு மூச்சு முட்டியது. இது சுரங்கத்து மூச்சா, வெட்கத்து மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சோனுனின் கையைப் பிடித்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, அங்கேயே, ஆட்கள் தாண்டித் தாண்டிப் போகிற படியில், எல்லாவற்றையும் சொன்னான். முடிவெட்டிய கதை வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஜாபர்குல் கதை வந்தபோது அவன் கையை இறுகப் பிடித்தாள். முடித்ததும் அதே கையை உதறினாள்.

"சாகப்போறேன்னு நினைச்சிட்டு எட்டு மாசம் என் பக்கத்துல படுத்துக் கிடந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லல. நிஜமாவே செத்திருந்தா?"

"சாகமாட்டேனாம். டாக்டர் சொன்னாங்க."

"நல்ல வேளை. இருங்க, நானே கொல்றேன்," என்றாள். அழுதுகொண்டே, "அந்தக் காகிதத்தைக் காட்டுங்க," என்றாள்.

காகிதத்தைப் படித்தாள். பட்டியலில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, கண் மைக்கோலால் 'ஜாபர்குல் வீடு' என்று எழுதினாள். ஓஷ் போகும் வழியில், சுரங்கத்துக்கு முன்னாலேயே இருந்தது அந்த வீடு. அடக்கத்துக்குப் பிறகு துராத் அந்தத் தெருப்பக்கம் திரும்பியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரொட்டியும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஜாபர்குலின் மனைவி தேநீர் ஊற்றினாள். கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். "சர்க்கரை கேட்டான், அண்ணி," என்றான் துராத். "டாக்டர் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா அந்த மனுஷன்கிட்ட," என்று அவள் சொல்ல, துராத் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்ததும் மூன்று கோப்பை தேநீர் குடித்தான்.

குபாத்திடம் சொன்னது அவ்வளவு நன்றாக முடியவில்லை. குபாத் அவனைத் தன் வண்டியில் உட்காரவைத்துச் சுரங்கத்தைத் தாண்டினான்; திரும்பவும் தாண்டினான். இருமுறையும் துராத் வேர்த்து நனைந்தான். ஆனால் இறங்கி ஓடவில்லை. "இதுல என்னடா பயம்? பொந்து. ஒரு பக்கம் நுழைஞ்சா இன்னொரு பக்கம் வரும்," என்றான் குபாத். அவனுக்கு விளங்கவேயில்லை. மறுநாள் வண்டி நிறுத்தத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், துராத் சுரங்கத்தில் புதுமருமகள் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு வந்தான் என்று சொல்லிவிட்டான். அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. "மருமக வந்தாச்சு, வழிவிடுங்கப்பா!" துராத் இரண்டு வாரம் குபாத்தோடு பேசவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவன் யாரிடமும் டயர் என்றோ, மூட்டுவலி என்றோ சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது ஒரு விதத்தில் இளைப்பாறலாகத்தான் இருந்தது.

ஜூன் தொடக்கத்தில், சிவப்புச் சாயம் பூசிய மரத்தொட்டிலைப் போர்வையில் சுற்றி வண்டிமேல் கட்டினார்கள். துராத் ஓட்ட, பக்கத்தில் சோனுன். பின்னால் சோனுனின் அக்கா பாத்மா, அவளோடு இரண்டு உறவுக்காரப் பெண்கள், மூட்டை மூட்டையாகப் பலகாரம். பாத்மாவிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளிடம் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி.

சுரங்கத்தின் வாய் தெரிந்தபோது பயம் நான்கு. உள்ளே நுழைந்ததும் ஐந்து. நடுவில், ஒரு பேருந்து நின்றிருந்தது. துராத் வண்டியை நிறுத்தினான். சிவப்பு விளக்குகள். புகை. விரல்நுனி மரத்தது.

"வருது," என்றான்.

"வரட்டும். எத்தனை?" என்றாள் சோனுன், நேரே பார்த்துக்கொண்டு.

"ஆறு."

"ஆறு கிலோமீட்டரா இருக்கு?" என்றாள் பாத்மா பின்னாலிருந்து.

"எட்டு," என்றான் துராத். நெஞ்சு அடித்துக்கொண்டது. கை கதவை நோக்கி நகர்ந்தது. அதை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான். இது விளக்கு, எஞ்சின் இல்லை என்று சொல்லிக்கொண்டான். பாதிதான் நம்பினான். மூச்சை நீளமாக, ஊதல் போல, வெளியே விட்டான்.

"எட்டா? கூடிக்கிட்டே போகுதே! வண்டி பின்னாலயா போகுது?"

"அக்கா, கொஞ்சம் வாயை மூடு."

"எட்டரை," என்றான் துராத்.

"இவர் என்ன விலை பேசறாரா?"

துராத்துக்கு உதட்டோரம் சிரிப்பு துடித்தது. சிரிப்பும் பயமும் ஒரே தொண்டையில் முட்டிக்கொண்டன. ஓட வேண்டும் என்ற வேகம் அலை மாதிரி உயர்ந்து, உச்சியில் நின்று, இதற்குமேல் தாங்காது என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றது. அவனும் நின்றான். வேறெதுவும் செய்யவில்லை. பேருந்தின் பின்கண்ணாடியில் யாரோ ஒரு பெண் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது தெரிந்தது. மணி பார்த்தான், பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

"ஆறு," என்றான்.

"ம்."

"ஆறுதான். பாதிக்கு இறங்கல."

"இறங்காட்டி என்ன, கூட வரட்டும். ஓஷ்ல விருந்து இருக்கு," என்றாள் சோனுன்.

பேருந்து நகர்ந்தது. கியர் போட்டபோது ஐந்து. வெளிச்சம் வந்தபோது எத்தனை என்று அவன் பார்க்க மறந்துவிட்டான். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை; கூடாரங்கள், குதிரைகள். வண்டியை ஓரங்கட்டினான். ஜெயித்த மாதிரியெல்லாம் இல்லை. கண்கள் எரிந்தன, அடங்காத பசி. பாத்மா இறங்கிப் போய்க் குதிரைப்பால் வாங்கி வந்து, "இந்த மனுஷனுக்கு முதல்ல குடுங்க. சுரங்கம் பூரா கணக்குப் போட்டே களைச்சுப்போயிட்டார்," என்றாள். துராத் இரண்டு கிண்ணம் குடித்தான்.

விருந்து நன்றாக நடந்தது. பேரனைத் தொட்டிலில் கட்டியதும் அவன் வீறிட்டு அழுதான். யாரோ தொட்டிலை ஆட்டியதும் தூங்கிவிட்டான். சம்பந்தி துராத்தை மேலிடத்தில், கதவுக்கு வெகுதூரத்தில், ஏழு பேருக்கு நடுவில் உட்காரவைத்தார். அங்கே நான்கு. அந்த நான்கோடேயே இறைச்சிச் சோறு சாப்பிட்டான்.

ஜூலையிலிருந்து ஓஷ் வழிக்கே திரும்பிவிட்டான். முழுக்கக் குணமாகிவிட்டதா என்று டாக்டர் நுர்ஸதாவைக் கேட்டான். "எரியறதே தெரியாம ஓட்டற நாளும் வரும், எரியற நாளும் வரும்," என்றாள். அப்படியேதான் இருந்தது. குபாத்தோடு பேச்சு வந்துவிட்டது; மருமகள் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

டிசம்பரில் ஒரு நாள், சரியாகத் தூங்காமல், பனிப்புயலில் ஓட்டிக்கொண்டு போய்ச் சுரங்கத்தின் வாயருகே வந்தபோது பயம் ஒன்பது. துராத் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினான்.

"கொஞ்ச நேரம் நிக்கணும். எனக்கு இந்தச் சுரங்கம்னா நெஞ்சு படபடக்கும். அடங்கினதும் போலாம்."

நடுச்சீட்டுத் தடியன் ஒருவன் கத்தினான். "என்னய்யா விளையாட்டு? பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு ஸ்டியரிங்?"

"வேற வண்டி வரும், ஏத்திவிடறேன்."

"இந்தப் பனியில எந்த வண்டி வரும்?"

"அப்ப உட்காருங்க."

தடியன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான். பின்னாலிருந்த ஓர் அம்மா பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். வெளியே காற்று வண்டியை ஆட்டியது. துராத் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது, எட்டு, மறுபடி ஒன்பது, ஏழு. முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஐந்து வந்ததும், முழுசாக இறங்கட்டும் என்று காத்திருக்காமல், வண்டியைக் கிளப்பி உள்ளே போனான்.